மெஷினில் கை மாட்டிக்கொண்டால்: விடுவிப்பது முதல் நஷ்டஈடு வரை

பவர் பிரஸ், ரோலர், கன்வேயர், லேத் என எதில் கை மாட்டினாலும் அதன்பின் இரண்டு விஷயங்கள் சில மணி நேரத்திலேயே கெட்டுப்போகும். ஒன்று, துண்டான விரல். மற்றொன்று, விபத்து நடந்த நொடியில் மெஷின் இருந்த நிலை. விரலுக்கு ஐஸ் வேண்டும் என்று கூட்டத்தில் யாருக்காவது தோன்றிவிடும். மெஷினை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றாது. அடுத்த ஷிப்டுக்குள் ரத்தத்தைத் துடைத்து, கழற்றிப் போட்டிருந்த காப்பு மூடியை மாட்டி, உற்பத்தியைத் தொடங்கியிருப்பார்கள். பதிவேட்டில் "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று ஒரே வரி ஏறியிருக்கும்.

காயம்பட்டவர், உடன் வேலை செய்பவர்கள், வீட்டார் ஆகியோர் வரிசையாகச் செய்ய வேண்டியவை இங்கே உள்ளன. சட்ட விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் எங்கும் பொருந்துவதை மட்டும் சொல்கிறோம்.

சிக்கிய கையை எடுப்பது

முதலில் எமர்ஜென்சி ஸ்டாப். அதோடு மெயின் சுவிட்சையும் அணைத்து, வேறு யாரும் போடாதபடி ஓர் ஆளை அங்கேயே நிறுத்துங்கள். ஆனால் மோட்டார் நின்றதும் மெஷின் செத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஃப்ளைவீல் (கனமான சுழல் சக்கரம்) இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். காற்றழுத்தத்தைத் திறந்துவிட்டால் தூக்கி நிற்கும் பாகம் தன் எடையிலேயே இறங்கலாம். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பம்பு நின்ற பிறகும் ராம் (அழுத்தும் பாகம்) மெல்ல மெல்ல கீழே வரலாம். ஸ்லைடுக்கும் (பிரஸ்ஸில் மேலும் கீழும் ஓடும் பாகம்) மேசைக்கும் நடுவே திடமான முட்டுக்கட்டை கொடுக்காமல் இன்னொருவர் கையை உள்ளே விடக் கூடாது. காப்பாற்றப் போனவரின் கையும் சிக்குவது இந்த இடத்தில்தான்.

கிராங்க் வைத்த பவர் பிரஸ்ஸில் ஸ்லைடு பாதியில் நின்றிருந்தால், அது கீழ்முனையைத் தாண்டிவிட்டதா இல்லையா என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் கோண அளவு இருந்தால் 180 டிகிரிதான் கீழ்முனை. அதற்கு முன்பே நின்றிருந்தால் பின்னோக்கித்தான் திருப்ப வேண்டும். முன்னோக்கித் திருப்பினால் கை இன்னும் நசுங்கும். 180-ஐத் தாண்டியிருந்தால் முன்னோக்கித் திருப்பினால்தான் ஸ்லைடு மேலே ஏறும். ஃப்ளைவீல் முழுதாக நின்ற பிறகு, அந்த மெஷினை அறிந்த ஃபிட்டர் கம்பி கொடுத்துக் கையால் திருப்புவதே பாதுகாப்பு. பதற்றத்தில் மோட்டாரைப் போட்டு ஒரு ஸ்ட்ரோக் ஓட்டிப் பார்க்கவே கூடாது.

ரோலரில் சிக்கிய கையை இழுக்காதீர்கள். பிடித்து இழுத்தால் தோல் கையுறைபோலக் கழன்று வந்துவிடும். அதன்பின் எலும்பு முழுதாக இருந்தும் பயனில்லை. ரோலர்களுக்கு இடையே உள்ள இடைவெளியைத் திருகு போல்ட்டைத் தளர்த்தி அகலமாக்குங்கள். முடியாவிட்டால் பேரிங் பிளாக்கைக் கழற்றுங்கள். ரிவர்ஸ் பட்டன் இருந்தாலும், கை போன பாதையிலேயே அது திரும்பி வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அதைத் தொடுங்கள்.

விரலோ உள்ளங்கையோ மட்டும் சிக்கியிருந்தால் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. தொடை, முன்கை போல தசை அதிகமுள்ள பகுதி ஒரு மணி நேரத்துக்கு மேல் நசுங்கிக் கிடந்தால் கணக்கு வேறு. அழுத்தம் விலகியதும், செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் ரத்தத்தில் கலக்கும். முன்னது இதயத்தை நிறுத்தலாம், பின்னது சிறுநீரகத்தை அடைக்கலாம். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தால், விடுவிக்கும் முன்பே டிரிப்ஸ் ஏற்றச் சொல்லிக் காத்திருப்பது மேல்.

ரத்தம்

சுத்தமான துணியை மடித்து, காயத்தின் மேல் நேராக அழுத்துங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுநடுவே தூக்கிப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்துவிடும். ஆளைப் படுக்கவைத்துக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்று வையுங்கள். பொடி, களிம்பு, கிரீஸ் கரைக்கும் எண்ணெய் என எதையும் காயத்தில் போட வேண்டாம். அதைச் சுரண்டி எடுப்பதே டாக்டருக்குத் தனி வேலையாகிவிடும்.

கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் ரத்தம் பீய்ச்சினால் மட்டுமே கட்டு போட்டு இறுக்க வேண்டும். காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் வராமல், குறைந்தது 4 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டையால் கட்டுங்கள். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கட்டின் மேலோ எழுதுங்கள். மருத்துவமனை போகும்வரை தளர்த்த வேண்டாம். கம்பி, கயிறு, கேபிள் டை எதுவும் ஆகாது, நரம்பை அறுத்துவிடும். விரலில் ரப்பர் பேண்ட் போடுவது அதைவிட ஆபத்து. மேலே பஞ்சு சுற்றிய பிறகு உள்ளே ரப்பர் இருப்பதை எல்லோரும் மறந்துவிடுவார்கள், பிழைத்திருக்க வேண்டிய விரல் அதனாலேயே போகும்.

மோதிரம், வளையல், வாட்ச் ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் தண்ணீரோ உணவோ கொடுக்காதீர்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

துண்டான பாகம்

டையின் (பீஸை வடிவமைக்கும் அச்சின்) உள்ளே, கையுறையின் உள்ளே, சில்லு விழும் தட்டில் என எல்லா இடத்திலும் தேடுங்கள். பயனில்லாததுபோலத் தெரியும் தோல் துண்டையும் விடாதீர்கள். வேறு விரலை மூட அதுவே உதவலாம். கையுறைக்குள் விரல் தொங்கினால் கையுறையை உருவ வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். சின்னத் தோல் இழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் விரலை வெட்டி எடுக்கவும் வேண்டாம். அந்த இழைக்குள் ஒரு சிரை மிஞ்சியிருந்தால் அறுவை மருத்துவரின் பாதி வேலை குறையும்.

அழுக்கு இருந்தால் சலைனிலோ சுத்தமான தண்ணீரிலோ ஒரு முறை அலசினால் போதும், தேய்க்க வேண்டாம். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடுங்கள். ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் அந்தப் பையை வையுங்கள். சுமார் 4 டிகிரி குளிர்தான் தேவை, உறையக் கூடாது. ஐஸ் நேராகத் தொட்டால் திசு உறைந்து செத்துவிடும். தண்ணீரில் ஊறினால் ரத்தக்குழாய்கள் ஊதிப்போய்த் தைக்க முடியாமல் போகும். ஃபிரீசரும் உலர்பனியும் வேண்டவே வேண்டாம். பையின் மேல் பெயரையும் துண்டான நேரத்தையும் எழுதி, ஆள் போகும் அதே வண்டியில் அனுப்புங்கள்.

விரலில் தசை கிடையாது. அதனால் குளிர்விக்காமல் சுமார் 12 மணி நேரமும், குளிர்வித்தால் 24 மணி நேரம் வரையும் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் தசையும் சேர்ந்து போகிறது. அப்போது 6 மணி நேரம், குளிர்வித்தால் 12. இதனால்தான் எந்த மருத்துவமனை என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டும். "நுண்ணறுவை செய்து விரலைத் திரும்ப ஒட்டவைக்கும் டாக்டர் இப்போது இருக்கிறாரா?" என்று போனிலேயே நேராகக் கேளுங்கள். ரத்தம் நிற்காமல் போனாலோ ஆள் மயங்கினாலோ அருகிலுள்ள மருத்துவமனைக்குத்தான் முதலில் போக வேண்டும். மற்றபடி மூன்று வாசல் ஏறி இறங்குவதில் விரலின் நேரம் தீர்ந்துவிடும்.

ஒட்டவைத்துவிடுவார்கள் என்று காயம்பட்டவரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். 1962-இல் பாஸ்டனில் முழுக் கையையும், 1965-இல் ஜப்பானில் கோமாட்சுவும் தமாயும் கட்டைவிரலையும் ஒட்டவைத்த காலத்திலிருந்து இந்த அறுவை வெகுதூரம் வளர்ந்திருக்கிறது. இருந்தும், வெட்டு எப்படிப்பட்டது என்பதுதான் முடிவு செய்கிறது. ஷியரிங் மெஷின் வெட்டியது சுத்தமான வெட்டு. பிரஸ் நசுக்கியது சந்தேகம். ரோலரோ பெல்டோ பிய்த்தெடுத்தால் ரத்தக்குழாய் உள்ளே வெகுதூரம் கிழிந்திருக்கும். கட்டைவிரல், ஒன்றுக்கு மேற்பட்ட விரல்கள், உள்ளங்கை, மணிக்கட்டு என்றால் டாக்டர்கள் பெரும்பாலும் முயன்று பார்ப்பார்கள். ஒரே ஒரு விரலின் அடிப்பகுதி என்றால், ஒட்டவைத்த விறைத்த விரல் மற்ற விரல்களுக்கும் இடைஞ்சல் என்று வேண்டாமென்பார்கள். அதை டாக்டரின் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சின்னதாகத் தெரியும் பெரிய காயங்கள்

கிரீஸ் கன், ஹைட்ராலிக் ஹோஸில் ஊசிமுனை ஓட்டை, பெயின்ட் ஸ்ப்ரே ஆகியவற்றால் ஏற்படும் காயம் வெறும் ஊசி குத்தியதுபோல இருக்கும். முதல் சில மணி நேரம் வலியும் இருக்காது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஷிப்டை முடிப்பார்கள். ஆனால் உள்ளே எண்ணெய் தசைநார் உறை வழியாக உள்ளங்கை வரை பாய்ந்திருக்கும். கையைத் திறந்து கழுவும் அவசர அறுவை தேவை, அதுவும் சில மணி நேரத்துக்குள். தாமதித்தால் விரலை எடுக்க வேண்டிவரும். பெயின்டும் தின்னரும் இதில் மிக மோசம். என்ன திரவம் என்று தெரிய டப்பாவின் லேபிளையும் எடுத்துச் செல்லுங்கள். ஹோஸ் எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள், அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, ரோலரில் முழங்கை வரை போய் வந்த கை. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரவில் வலி ஏறிக்கொண்டே போகும், மாத்திரைக்கு அடங்காது, விரலை மெல்ல நீட்டினாலே உயிர் போகும். தசை உறைக்குள் அழுத்தம் ஏறுவதன் அடையாளம் இது. நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம், நாடி கடைசியில்தான் நிற்கும். காலை வரை காத்திருக்காமல் அப்போதே திரும்பப் போங்கள். 6 மணி நேரம் கடந்தால் தசை மீளாது. மாவுக்கட்டு இறுக்கமாக இருந்தாலும் இதே ஆபத்துதான்.

மண், கிரீஸ், துரு பட்ட காயம் என்றால் கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டிவிட்டதா என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருத்துவமனைச் சீட்டின் முதல் வரி

"எப்படி அடிபட்டது?" என்று கேட்டு டாக்டர் எழுதும் அந்த வரியை மாதங்கள் கழித்து எல்லோரும் திரும்ப எடுத்துப் படிப்பார்கள். கூட வந்தவர் "வண்டியில் விழுந்துவிட்டார்", "வீட்டில் கதவு சாத்தியது" என்று சொல்லிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. முதலாளிக்குத் தொல்லை வேண்டாம், செலவை அவரே பார்த்துக்கொள்கிறார் என்ற பேச்சில்தான் இப்படி நடக்கும். காயம்பட்டவர் நினைவோடு இருந்தால் அவரே சொல்லட்டும், இல்லையென்றால் சம்பவத்தைப் பார்த்தவர் சொல்லட்டும்: "வேலை நேரத்தில், தொழிற்கூடத்தில், பவர் பிரஸ்ஸில், மாலை 4.20-க்கு, வலது கை. வலக்கைப் பழக்கம் உள்ளவர்." எந்தக் கை பழக்கம் என்பது பின்னால் இழப்பைக் கணக்கிடும்போது எடையுள்ள விவரம்.

பெயரும் வயதும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா பாருங்கள். கட்டுப் போடும் முன்பும், ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு விடாமல் அறுவைக் குறிப்பு, எக்ஸ்ரே, மருந்து பில், போக்குவரத்து ரசீது எல்லாவற்றையும் நகல் கேட்டு ஒரே ஃபைலில் வையுங்கள்.

மெஷின் சொல்லும் சாட்சியம்

ஆளை அனுப்பியதும் மெஷினைப் பூட்டி, "தொடாதே" என்று அட்டை தொங்கவிடுங்கள். விடுவிப்பதற்காக எதையெல்லாம் நகர்த்தினீர்கள் என்று உடனே எழுதி வையுங்கள். பிறகு தூரத்திலிருந்து தொடங்கிப் பக்கத்தில் வந்து படம் எடுங்கள். ஆலைக்குள் படம் எடுக்கத் தடை இருந்தால், சூப்பர்வைசர் முன்னிலையில் எழுதி வரைந்து வைத்தாலும் போதும்.

எதைப் பார்ப்பது? முதலில் செலக்டர் சுவிட்ச்: ஒற்றை ஸ்ட்ரோக்கிலா, தொடர் ஓட்டத்திலா, இஞ்சிலா (கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் நிலை)? சாவி அதிலேயே தொங்குகிறதா? ஓட்டியது காலால் மிதிக்கும் பெடலா, இரண்டு கை பட்டனா? பெடலுக்கு மேல்மூடி உண்டா? இரண்டு பட்டனையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் ஸ்லைடு இறங்க வேண்டும் என்பது அதன் விதி. ஒரு பட்டனில் குச்சி செருகியிருக்கிறதா, டேப் ஒட்டியிருக்கிறதா? கதவு மூடியதை உணரும் லிமிட் சுவிட்ச் கம்பியால் கட்டப்பட்டிருக்கிறதா? காந்த சென்சாருக்குப் பக்கத்தில் தனிக் காந்தம் ஒட்டியிருக்கிறதா?

காப்பு மூடியை மாட்டும் போல்ட் துளைகளை மிக நெருங்கிப் பாருங்கள். மூடி நேற்றுதான் கழன்றது என்றால் மரைகள் பளபளப்பாக இருக்கும். பல மாதமாக இல்லையென்றால் துளைக்குள் கிரீஸும் தூசும் கெட்டியாகி, மரையில் துரு படிந்திருக்கும். மூடி உட்கார வேண்டிய இடத்தில் பெயின்ட் நிறம் மாறாமல் தனிக் கட்டமாகத் தெரிவதும் போயிருக்கும். விபத்துக்குப் பின் அவசரமாக மாட்டிய மூடியில் புது போல்ட்டும், பழைய பெயின்ட்டில் புதுக் கீறலும் இருக்கும். "மூடி எப்போதும் இருந்தது, அவர்தான் கழற்றினார்" என்ற பேச்சுக்கு இந்தத் துளைகளே பதில்.

டையில் பாதி வளைந்து நிற்கும் பீஸ், கவுண்டரின் எண், அன்றைய டார்கெட் சீட்டு, பீஸை எடுக்க இடுக்கி கொடுத்திருந்தார்களா, தரையில் எண்ணெய், வெளிச்சம் இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இருபது பீஸுக்கு ஒரு முறை சிக்கும் டையில், சிக்கியதை எடுக்க ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்தினால் டார்கெட் வராது என்றால், கை உள்ளே போனது தற்செயல் இல்லை. அதை அப்படியே எழுதுங்கள்.

"மிதிக்கவே இல்லை, தானாக இறங்கியது" என்று காயம்பட்டவர் சொன்னால் நம்பி ஆராயுங்கள். கீ கிளட்ச் (ஒரு கீ மூலம் ஃப்ளைவீலோடு இணையும் கிளட்ச்) வைத்த பிரஸ்ஸில் கீயோ லாட்சோ தேய்ந்தால், பெடல் ஸ்பிரிங் உடைந்தால், பிரேக் பட்டையில் எண்ணெய் ஏறினால் ஸ்லைடு இரண்டாம் முறை தானாக இறங்கும். மேல்முனையைத் தாண்டி ஸ்லைடு நிற்கிறதா என்று பார்த்தால் பிரேக்கின் நிலை தெரியும். இந்த வகை கிளட்ச் ஒருமுறை பிடித்தால் முழுச் சுற்று முடியாமல் விடாது. எனவே அதில் லைட் கர்ட்டன் (கை குறுக்கிட்டால் பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லும் ஒளித்திரை சென்சார்) மாட்டியிருந்தால் அது பெயருக்குத்தான்.

நடுவில் நிறுத்தக்கூடிய பிரஸ்ஸிலும் "சென்சார் வேலை செய்ததே, பிறகு எப்படிக் கை போச்சு?" என்ற கேள்வி வரும். சென்சாரை டையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று சொல்லும் ஐ.எஸ்.ஓ 13855 என்ற சர்வதேசத் தரநிலை, கை நொடிக்கு 2000 மில்லிமீட்டர் வேகத்தில் போகும் என்று கணக்கிடுகிறது. அப்படி வரும் தூரம் 500 மில்லிமீட்டரைத் தாண்டினால் வேகத்தை 1600 என்று கொள்ளலாம், ஆனால் தூரம் 500-க்குக் குறையக் கூடாது. மெல்லிய இடைவெளி உள்ள கர்ட்டன், மொத்தம் 0.2 நொடியில் நிற்கும் பிரஸ் என்றால் 400 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் போதும். பிரேக் தேய்ந்து 0.35 நொடி ஆகிவிட்டால் 560 வேண்டும். சென்சார் பழைய 400-லேயே இருக்கும். ஸ்லைடு நிற்கும் முன் கை டைக்குள் போய்விடும். ஆகவே நிற்கும் நேரத்தை அளந்து அறிக்கை கொடுக்கும்படி எழுதிக் கேளுங்கள். சிசிடிவி பதிவு சில நாளிலேயே மேலெழுதப்பட்டுவிடும், பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கணினி) அலாரப் பதிவும் அப்படித்தான். அவற்றைப் பத்திரப்படுத்தக் கோரும் கடிதம் அன்றைக்கே போக வேண்டும், நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்க வேண்டும்.

அறிக்கையும் கையெழுத்தும்

விபத்து அறிக்கை ஆளைப் பற்றிய தீர்ப்பாக இல்லாமல், மெஷின் என்ன செய்தது என்பதை வரிசையாகச் சொல்ல வேண்டும். இப்படி: "ஒற்றை ஸ்ட்ரோக்கில் வைத்து பெடலால் ஓட்டினேன். முன்பக்கக் காப்பு மூடி இல்லை. பீஸ் டையில் ஒட்டியதால் வலது கையால் எடுத்தேன். பெடலிலிருந்து கால் எடுத்திருந்தேன். ஸ்லைடு மறுபடி இறங்கி நடுவிரலும் ஆள்காட்டி விரலும் சிக்கின. பக்கத்து மெஷினில் இருந்தவர் பார்த்தார்." இதில் "நான் கவனிக்காமல்" என்ற சொல்லுக்கு இடமே இல்லை. எதைக் கவனிக்கவில்லை என்பதற்குப் பதில் மெஷினில் இருக்கும்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. படிக்கத் தெரியாத மொழியில் இருந்தாலும், வலி மருந்தின் மயக்கத்தில் இருந்தாலும் கூடாது. இடது கைப் பெருவிரல் ரேகை வாங்க மருத்துவமனைக்கே ஆள் வருவதுண்டு. வீட்டார் பக்கத்தில் இருக்க வேண்டியது அப்போதுதான்.

ஒப்பந்தத் தொழிலாளி என்றால் "எங்கள் ஆள் இல்லை" என்ற பதில் இரண்டு பக்கமும் வரும். கேட் பாஸ், வருகைப் பதிவு, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, ஷிப்ட் மாற்றச் சொல்லி சூப்பர்வைசர் அனுப்பிய மெசேஜ், அன்று போட்டிருந்த யூனிஃபார்ம் இவையெல்லாம் வேலையில் இருந்ததற்குச் சான்று.

பணம்

ஜெர்மனியில் 1884-இல் தொழில் விபத்துக் காப்பீடும், பிரிட்டனில் 1897-இல் நஷ்டஈட்டுச் சட்டமும் வந்ததிலிருந்து, முதலாளியின் தவற்றை நிரூபிக்காமலேயே வேலையில் பட்ட காயத்துக்கு ஈடு உண்டு என்ற முறை உலகமெங்கும் பரவிவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1964-ஆம் ஆண்டு 121-ஆம் உடன்படிக்கை இரண்டு அடிப்படைகளை வைக்கிறது: எத்தனை நாள் வேலை செய்தார் என்பதை வைத்து விபத்து ஈட்டை மறுக்கக் கூடாது, வேலை செய்ய முடியாத காலத்துக்குக் சம்பளத்தில் குறைந்தது 60 சதவீத அளவில் பலன் தர வேண்டும். உங்கள் நாடு இதை ஏற்றிருக்கிறதா, எந்த அலுவலகத்தில், எத்தனை நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்று தொழிலாளர் துறையிலோ சங்கத்திலோ முதல் வாரத்திலேயே கேளுங்கள். "எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாய்வார்த்தையில் காலக்கெடு கடந்துபோவதுதான் இதில் அதிகம் நடக்கும் இழப்பு.

கேட்க வேண்டியது மூன்று: சிகிச்சைச் செலவு, ஆறும் காலத்துக்கான சம்பளம், நிரந்தர இழப்புக்கான தொகை. சம்பளம் என்று அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டுவார்கள். ஓவர்டைமும் படிகளும் சேருமா என்று சட்டத்தில் பாருங்கள்.

மூன்றாவதற்கு அவசரப்படக் கூடாது. அறுபட்டுத் தைத்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 180 மில்லிமீட்டர் என்றால் ஆறு மாதம். உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று அதற்கு முன் யாராலும் சொல்ல முடியாது. இரண்டாம் மாதமே ஒரு தொகையைக் கொடுத்து "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கினால், பின்னால் வரும் அறுவைகளின் செலவும் உங்கள் தலையில்தான்.

சதவீதம் எப்படி வருகிறது? அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி, கட்டைவிரல் போனால் கையின் 40 சதவீதம், ஆள்காட்டியும் நடுவிரலும் தலா 20, மோதிரவிரலும் சுண்டுவிரலும் தலா 10 என்று வகுக்கிறது. மற்ற நாடுகளின் அட்டவணைகள் வேறு எண்களைத் தரும். ஆனால் எந்த அட்டவணையும் உடலுறுப்பின் இழப்பை மட்டுமே அளக்கும், வருமானத்தின் இழப்பை அல்ல. ஆள்காட்டி விரல் நுனி போன தையற்காரரும், அதே நுனி போன காவலாளியும் தாளில் ஒரே சதவீதம். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தனியாகக் கேட்க உங்கள் சட்டம் இடம் தந்தால், எந்த வேலையை எவ்வளவு நேரம் செய்ய முடிகிறது என்று தெரபிஸ்ட்டிடம் எழுதி வாங்குங்கள். பிடிமான வலிமையைக் கிலோவில் அளந்து தருவார்கள்.

ஆறும் காலம்

ஒட்டவைத்த விரல் வெளுத்துக் குளிர்ந்தால் தமனி அடைத்திருக்கிறது. நீலமாகி உப்பினால் சிரை அடைத்திருக்கிறது. இரண்டுக்கும் நர்ஸை அந்த நிமிடமே கூப்பிட வேண்டும். புகையிலை எந்த வடிவிலும் கூடாது, பக்கத்தில் இருப்பவர் புகைப்பதும் கூடாது, ரத்தக்குழாய் சுருங்கும்.

தசைநார் தைத்திருந்தால் சுமார் ஆறு வாரம் ஸ்ப்ளின்ட் (கையைத் தாங்கும் பட்டி), பளு தூக்குவது 12 வாரத்துக்குப் பிறகுதான். ஆனாலும் சும்மா வைத்திருக்கக் கூடாது. தெரபிஸ்ட் சொன்ன அசைவுகளை முதல் வாரத்திலிருந்தே, சொன்ன அளவுக்கு மட்டும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தசைநார் உறையோடு ஒட்டிக்கொள்ளும், மிஞ்சிச் செய்தால் தையல் அறுந்துவிடும். காயம்படாத விரல்களும் தோளும் விறைப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவற்றை முதல் நாளிலிருந்தே அசையுங்கள்.

இல்லாத விரல் வலிப்பது மனப்பிரமை அல்ல. நல்ல கையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அசைக்கும் பயிற்சி சிலருக்கு நன்றாகக் கேட்கும். நுனித் தோல் எதையும் தொடவிடாமல் சுள்ளென்றால், பஞ்சில் தொடங்கி மெல்லிய துணி, பிறகு சொரசொரப்பான துணி என்று தினமும் தேய்த்துப் பழக்க வேண்டும். குளிரில் விறைத்து வலிப்பது ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். பிரஸ் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குவது, அதே காட்சி கனவில் வருவது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டி, அதையும் ஃபைலில் சேருங்கள். அதுவும் அதே விபத்தில் பட்ட காயம்தான்.

திரும்ப வேலைக்கு

"லேசான வேலை" என்று வாயால் சொன்னால் இரண்டாம் நாளே பழைய வேலையில் நிற்க வேண்டியிருக்கும். எத்தனை கிலோ வரை தூக்கலாம், அதிரும் கருவி பிடிக்கலாமா, உணர்ச்சியில்லாத விரலோடு சூடான பொருளின் அருகே நிற்கலாமா என்று டாக்டரின் சீட்டில் எண்ணாகவும் ஆம், இல்லை என்றும் எழுதி வாங்குங்கள். அதே மெஷினுக்கே அனுப்பினால், ஓட்டும் முன் மூடி, இன்டர்லாக் (மூடி திறந்தால் மெஷினை ஓடவிடாத ஏற்பாடு), பிரேக் மூன்றிலும் என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள். "கவனமாக வேலை செய்" என்ற புது போர்டு மட்டும் தொங்கினால், மாற்றம் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அதை எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கை விரலோ கையோ பொருத்துவதாக இருந்தால், இறுதித் தொகை பேசும்போது ஒன்றோடு நிறுத்தாதீர்கள். சிலிக்கான் உறை நிறம் மங்கிக் கிழியும், உள்ளே வேலை செய்யும் பாகங்கள் தேயும், தண்டின் அளவு சுருங்கி மறுபடி அளவெடுக்க வேண்டிவரும். எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று செய்து தருபவரிடம் எழுதி வாங்கி, காயம்பட்டவரின் மீதி வாழ்நாளில் எத்தனை முறை மாற்ற வேண்டிவரும் என்று கணக்கிட்டு, அந்தச் செலவையும் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.